நாற்பது நிமிடம் நின்ற கார்

ஜூலை 3, புதன்

ஜெசிந்தா மேடம் எழுதச் சொன்னார். கோபம் வரும்போது வாயைத் திறப்பதற்கு முன் பேனாவைத் திறக்க வேண்டுமாம். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகராக இருந்தால் இப்படியெல்லாம் அழகாகப் பேச வரும்போலிருக்கிறது. கடையில் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் எனக்கு இரண்டு தடவை கோபம் வந்துவிட்டது.

டைரி, பெயின்ட் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தது. ஆறு மாதம் சால்டரிங் அயர்னுக்கு அடியில் கிடந்ததால் அட்டையில் வட்டமாக ஒரு சூடு.

மேடம் இதைப் படிக்க மாட்டாராம். படித்தாலும் சரி, விவரத்தை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நான் சென்னியப்பன், வயது நாற்பத்து மூன்று. கணபதி பகுதியில் டிவி சர்வீஸ் கடை. மனைவி ரேணுகாதேவி ஒன்றரை வருடம் முன்பு மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் தருணிகாவுக்குப் பதினொன்று. சனிக்கிழமைதோறும் பத்தரை முதல் பன்னிரண்டரை வரை, நீதிமன்றத்துக்குள் குழந்தைகளுக்கென்று ஒதுக்கிய ஓர் அறையில், மேடத்தின் கண் முன்னால், என் மகளை நான் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கூட்டிப்போக அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். ஆறு சனிக்கிழமை பார்த்துவிட்டு மேடம் அறிக்கை கொடுப்பார். அதை வைத்துத்தான் நீதிபதி முடிவு சொல்வார்.

ஆக, பெற்ற மகளுடன் பேக்கரியில் உட்கார்ந்து ஒரு தேங்காய் பன் சாப்பிட நான் பரீட்சை எழுத வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். வீட்டில் ஒரு நாள் வாக்குவாதம். தருணிகா வைத்திருந்த கேம் பெட்டி கை தவறி விழுந்து உடைந்தது. அவளுக்குச் சின்னக் கீறல். மனுவிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஜூலை 6, சனி

முதல் சனி. இரண்டு மணி நேரத்தில் என் மகள் பேசியது மொத்தம் ஐந்து வார்த்தை. "நல்லாருக்கேங்ப்பா." "சாப்ட்டேங்ப்பா." "இல்லீங்ப்பா." மீதி இரண்டும் அட்டெண்டர் சரசக்காவிடம் தண்ணீர் கேட்டது.

அறையில் சக்கரம் இல்லாத கார், காது பிய்ந்த கரடி, சுவரில் ஒரு டிவி. அதில் ஏதோ பொம்மைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நிறம் மொத்தமும் பச்சையாக இழுத்திருக்கிறது. யாரும் செட்டிங்கைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. நான் எழுந்து பட்டனை அழுத்தப் போனேன். மேடம், "உக்காருங்க சென்னியப்பன், அவளோட பேசுங்க" என்றார். என்ன பேசுவது? பள்ளிக்கூடம் எப்படி என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

தருணிகாவின் இடது புருவத்துக்கு மேல் ஒரு கோடு தெரிகிறது. தலைமுடியை இறக்கி வாரினால் மறைந்துவிடும். ரேணுகா வேண்டுமென்றே மேலே தூக்கி வாரி அனுப்புகிறாள்.

ஒரே ஒரு நல்ல விஷயம். டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், வெளிப் பெட்டியைச் சொருகுகிற எச்.டி.எம்.ஐ துளை இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

மேடத்துக்குப் போன் செய்து, ஒரு கேம் பெட்டி செய்து கொண்டுவரலாமா என்று கேட்டேன். இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி, பழைய காலத்து டிவி கேம். சுடுவது, வெட்டுவது இருக்கக் கூடாது, இன்டர்நெட் கூடாது, கேட்டில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நான் என்ன குண்டா கொண்டுவரப் போகிறேன்.

கேட்டுவிட்டார், "ஏற்கனவே ஒண்ணு உடைஞ்சதில்ல?" என்று.

ஆமாம், கை தவறிவிட்டது என்றேன். "சரி" என்றார். அந்த "சரி" எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 10, புதன்

பழைய சாமான் வாங்கி விற்கும் பெருமாள்சாமியிடம் ஐந்து டிவி பெட்டிகள் எடுத்தேன். மூடிப்போன ஏதோ கேபிள் ஆபீஸில் மூட்டையாகக் கிடந்தவையாம். சாதாரண டிவியில் சொருகினால் இன்டர்நெட் படம் காட்டுமே, உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக, அந்தப் பெட்டி. அதற்குள் இருப்பதும் ஒரு கம்ப்யூட்டர்தான். உள்ளே இருக்கும் விளம்பரக் குப்பையைத் தொடாமல், ஒரு மெமரி கார்டில் வேறு மென்பொருளை எழுதிச் சொருகினால் அதிலிருந்தே எழுந்துவிடும். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கும் மென்பொருள் அது. பழைய கேம் மெஷின்கள் பத்து, பதினைந்து அதற்குள் அடங்கிவிடும்.

தருணிகாவுக்கு ஒன்பது வயதில் செய்து கொடுத்ததும் இதேதான். அன்று ஒரே நாளில் முடித்தேன். இன்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன், திரை கறுப்பு.

பெட்டியில் பழைய டிவி வயர் சொருகுகிற ஏவி துளைக்குள் பல் குத்தும் குச்சியை விட்டால் அடியில் ஒரு பட்டன் தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே கரண்ட் கொடுக்க வேண்டும். பதினோரு தடவை அழுத்தினேன். பன்னிரண்டாவது தடவை குச்சி உள்ளேயே முறிந்துகொண்டது.

ஸ்க்ரூ வைக்கும் டப்பா கீழே கொட்டிவிட்டது. தானாக.

ஜூலை 11, வியாழன்

அந்த மென்பொருள்காரர்களின் இணையப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நன்றாகத் திட்டி எழுதினேன். நாலு ஜிபி பெட்டிக்கான கோப்பைத்தான் போட்டேன், வேலை செய்யவில்லை, தெரியாவிட்டால் எதற்கு ஊருக்குக் கொடுக்கிறீர்கள் என்று. இன்னும் சில வார்த்தையும் எழுதினேன்.

பிரேசில்காரர் ஒருவர் பதில் போட்டிருக்கிறார். ஸ்டிக்கரில் எழுதியிருப்பதை நம்பாதே, பெட்டியைத் திறந்து சிப்பின் மேல் இருக்கும் நம்பரைப் படி, போட்டோ எடுத்துப் போடு என்று. நான் திட்டியதைப் பற்றி ஒரு வரி இல்லை.

திறந்தேன். ஸ்டிக்கரில் நாலு ஜிபி, உள்ளே ஒரு ஜிபி. சிப்பும் வேறு கம்பெனி. ஐந்து பெட்டிக்கும் மூடி ஒன்றுதான், உள்ளே ஐந்தும் ஐந்து விதம். இருபது வருடம் சர்வீஸ் பார்க்கிறவன் மூடியைக் கழற்றாமல் மேல் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன்.

போட்டோ போட்டேன். கால் மணி நேரத்தில் இந்த சர்க்யூட் பலகைக்கு இந்தக் கோப்பு என்று அனுப்பிவிட்டார். அவருக்குக் கோபமே வராதா? அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 13, சனி

இரண்டாவது சனி. பெட்டி இன்னும் முடியவில்லை. கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர்களில் ஒன்று வலப்பக்கம் மட்டுமே போகிறது. வெறுங்கையோடு போய், செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

தருணிகா படம் வரைவதை நிறுத்திவிட்டு, "அதே மாதிரிங்களாப்பா?" என்று கேட்டாள்.

"அதே மாதிரிதான் கண்ணு. அந்த கார் ரேஸும் இருக்கும்."

அதற்குப் பிறகு அவள் பென்சிலைத் தொடவில்லை. 

ஜூலை 16, செவ்வாய்

பெட்டி எழுந்துவிட்டது. காலை பதினொன்றே காலுக்கு.

காசுக்கு விற்கிற ஆட்டத்தைத் திருடிப் போடவில்லை. பழைய மெஷின்களுக்காக இன்றைக்கும் சிலர் புதிதாக ஆட்டம் எழுதி இலவசமாக விடுகிறார்கள். அந்த கார் ரேஸ் அப்படி ஒன்று, ஃபின்லாந்துக்காரர் எழுதியது. கன்ட்ரோலரை எடுத்து இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்த்தேன். மிக்ஸி சர்வீஸுக்கு வந்த அம்மாள், "ஏனுங்க, இதுதான் வேலைங்ளா?" என்றார். ஆமாங்க, இதுதான் வேலை என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

ஜூலை 20, சனி

கேட்டில் போலீஸ்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குலுக்கிக்கூடப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளி பெஞ்சில் ரேணுகாவும் அவள் அண்ணனும். அண்ணன்காரன் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதையெல்லாம் மேடம் அறிக்கையில் எழுதுவாரா?

பெட்டியைச் சொருகினேன். பச்சை நிறத்தையும் சரிசெய்துவிட்டேன், இந்தத் தடவை மேடம் தடுக்கவில்லை. சரசக்கா, "ஏனுங் தம்பி, இத்தினியூண்டு பொட்டிக்குள்ளயா இத்தன ஆட்டம்?" என்று கேட்டுக்கொண்டே கதவருகில் நின்றுவிட்டார்.

என் மகள் என்னை ஐந்து ரேஸில் ஐந்திலும் தோற்கடித்தாள். திருப்பத்தில் பிரேக் போடாமல், உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு போகிறாள். "நீங்க சும்மா ஆக்ஸிலேட்டரயே அழுத்தறீங்ப்பா" என்றாள். இது மட்டும் எட்டு வார்த்தைக்குச் சமம்.

ஒன்று கவனித்தேன். மெனுவில் ஆட்டம் தேடும்போது, அடுத்த ரவுண்டுக்குக் காத்திருக்கும்போது, இடது கையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்துக்கொள்கிறாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தால் உடனே கை அங்கே போய்விடுகிறது. ஏன் என்று கேட்டேன். "சூடாகுதான்னு பாக்கறேங்ப்பா" என்றாள். நியாயம்தான், இந்த மலிவுப் பெட்டிகள் அடுப்பு மாதிரி சூடாகும். என் மகள், இதெல்லாம் தெரிகிறது.

ஜூலை 22, திங்கள்

பெட்டியின் மூடியில் துளை போட்டுச் சின்ன ஃபேன் வைத்தேன். சிப்பின் மேல் அலுமினியத் துண்டும் ஒட்டினேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கிறது.

வக்கீல் சுப்புராஜ் போன் செய்தார். எல்லாம் நல்லபடியாகப் போவதாக மேடமே அவரிடம் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜூலை 27, சனி

ஃபேன் வைத்திருப்பதைக் காட்டினேன். "இனிச் சூடே ஆகாது கண்ணு, தொட்டுப் பாக்கவே வேண்டாம்." "சூப்பருங்ப்பா" என்றாள்.

நான் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனேன். ஆடிக் காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், கை பெட்டியின் மேல்.

பெட்டி சில்லென்று இருந்தது. நானே தொட்டுப் பார்த்தேன்.

இதைப் பற்றி மேலே எழுத இஷ்டமில்லை.

போகும்போது ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, கோடு போட்ட தாளில் மடித்த ஒன்றைக் கொடுத்தாள். உள்ளே மெமரி கார்டு, பழைய பெட்டியில் இருந்தது. உடைந்த அன்றைக்கே பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ரேணுகாவுக்குக்கூடத் தெரியாதாம்.

"இதுல என்ற சேவெல்லாம் இருக்குதுங்ப்பா. புதுப் பொட்டில வருமா?"

ஆட்டத்தை எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அதை அப்படியே பதிந்து வைப்பதுதான் சேவ். வரும், அடுத்த வாரம் அப்படியே அதே இடத்தில் உன் கார் நிற்கும் என்றேன். சிரித்தாள். ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

ஜூலை 29, திங்கள்

கார்டு அழிந்துவிட்டது.

ஒரு ஆள் ரிமோட்டைக் கொண்டுவந்து, போன வாரம் சரிசெய்து கொடுத்தது வேலை செய்யவில்லை என்று கத்தினான். பேட்டரியைத் திருப்பிப் போட்டிருக்கிறான். அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்ததில் கை தன் பாட்டுக்கு வேலை செய்துவிட்டது. கடைக்கு வருகிற கார்டெல்லாம் வைரஸோடுதான் வரும். ரீடரில் போட்டதும் துடைப்பது, புது மென்பொருளை எழுதுவது, இது இருபது வருடப் பழக்கம். காப்பி எடுக்கத்தான் ரீடரில் போட்டேன். அந்த ஆள் வந்திருக்காவிட்டால் ஒன்றும் ஆகியிருக்காது.

ஜூலை 30, செவ்வாய்

நேற்று எழுதியது சரியில்லை. அந்த ஆள் போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் துடைத்தேன். அவன் போன பிறகும் அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதில்களையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். திரையில் "நிச்சயமாக அழிக்கலாமா?" என்று கேட்டிருக்கும். நான்தான் அழுத்தியிருப்பேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அழிந்ததை மீட்பதற்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டு நாள் ஓடவிட்டேன். புது மென்பொருள் கார்டின் முன்பகுதியில் ஏறி உட்கார்ந்துவிட்டது, அதற்குப் பின்னால் இருந்ததில் கொஞ்சம் கிடைத்தது. சேவ் ஒன்றுகூட மீளவில்லை. ஒவ்வொரு சேவுக்கும் அந்த நேரத்துத் திரையைச் சின்னப் படமாக எடுத்து வைக்கும், அந்தப் படங்கள் மட்டும் முப்பத்தொன்று வந்தன.

முப்பத்தொன்றும் ஒரே இடம். மூன்றாவது பாதையில் சுரங்கத்தைத் தாண்டினால் கடலோரம் ஒரு வளைவு வரும். ரோட்டை விட்டு இறங்கி, மணலில், கடலைப் பார்த்தமாதிரி கார் நிற்கிறது. மேல் மூலையில் ரேஸ் கடிகாரம். ஒரு படத்தில் நாற்பது நிமிடம், இன்னொன்றில் இருபத்தாறு, வேறொன்றில் ஐம்பத்திரண்டு. எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் மூன்று நிமிடத்தில் அங்கே போய்விடலாம். அப்போது அவளுக்குச் சரியாக ஓட்டத் தெரிந்திருக்காது, மணலில் மாட்டிக்கொண்டிருப்பாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நானே அந்த வளைவு வரை ஓட்டி, படத்தில் இருக்கும் அதே மணல் மேட்டில், அதே கோணத்தில் காரை நிறுத்தி சேவ் செய்துவிட்டேன். இதுதான் உன் பழைய சேவ் என்று கொடுத்தால் அவளுக்கு எப்படித் தெரியும். நாளைக்குக் காட்டலாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பவானிக்குப் போயிருக்கிறார்களாம், குழந்தை வராது என்று மேடத்துக்கு மட்டும் தகவல். எனக்கு ஒரு போன் கிடையாது. ஆறில் ஒரு சனிக்கிழமை போச்சு.

ரேணுகாவுக்குப் போன் செய்தேன். சத்தமாகப் பேசவில்லை.

கொஞ்சம் சத்தமாகப் பேசினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மேடம் கூப்பிட்டார். நான் போனில் பேசியது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அன்னைக்கு எழுதினீங்களா?" என்று கேட்டார். எழுதினேன், பேசிய பிறகு எழுதினேன் என்றேன். "அடுத்த தடவை வரிசையை மாத்திப் பாருங்க" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

அறிக்கைக்கான கடைசி சனி. நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

பெட்டியைச் சொருகி, நான் செய்து வைத்த சேவைத் திறந்தேன். "பாரு கண்ணு, உன் கார்" என்றேன். தருணிகா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். கடல், மணல், கார். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நேரம் தப்பா இருக்குதுங்ப்பா. மூணு நிமிஷம்னு காட்டுது."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்ததும், "பரவால்லீங்ப்பா, பரவால்லீங்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கை போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டது.

ரேணுகாவும் இப்படித்தான் சொல்வாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே, பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க என்று. அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கார்டு பழசு, கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாம். நம்பியிருப்பாள். நம்பாவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். எதிரில் மேடம் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

"அது உன் சேவ் இல்ல கண்ணு. கார்ட நான் அழிச்சுட்டேன். இது நான் ஓட்டி நிறுத்துனது. உன்ன ஏமாத்தப் பாத்தேன்."

 தருணிகா எழுந்து நின்றாள். என் மகள் கத்தி நான் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்டேன்.

"பாக்காம ஏன்ப்பா அழிச்சீங்க? அந்தப் பேப்பர்ல எழுதித்தான குடுத்தேன், அழிக்காதீங்கன்னு. படிக்கக்கூட இல்லியா நீங்க?"

படிக்கவில்லை. தாளைப் பிரித்துக் கார்டை எடுத்துக்கொண்டு கசக்கிக் கூடையில் போட்டுவிட்டேன்.

"நீங்க எதையுமே கேக்க மாட்டீங்க. நீங்க கத்துவீங்க, அம்மா அழுகும், நான் ஹெட்போன் போட்டுக்கிட்டு அந்தக் கடல்கிட்டப் போயி நிப்பேன். வண்டி நின்னாத்தான் அலைச் சத்தம் கேக்கும். ஓட்டுனா எஞ்சின் சத்தம்தான் கேக்கும். நீங்க முடிக்கற வரைக்கும் நிப்பேன். நாப்பது நிமிஷம் நின்னேன் ஒரு நாளு. முடிச்சதும் சேவ் பண்ணிக்குவேன். அன்னிக்குச் சேவ் பண்றதுக்குள்ள புடுங்கிட்டீங்க. ஏன்ப்பா புடுங்குனீங்க? நான் என்ன பண்ணேன்?"

பக்கத்து மேஜைக் குழந்தைகள், சரசக்கா, கதவுக்கு வெளியே ரேணுகா, எல்லோரும் பார்த்தார்கள். மேடம் எழுந்தார். வேண்டாம், விடுங்கள் என்று கையைக் காட்டினேன். அவள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள், கீழே கிடந்த கரடியை உதைத்தாள். எனக்குக் கோபம் கிளம்பிவிட்டது. எல்லார் முன்னாலும் அப்பனை இப்படிப் பேசுகிறாயா என்று வாய் வரைக்கும் வந்தது. பேனாவும் இல்லை, டைரியும் இல்லை. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கத்தி முடிக்கும்வரை போய் நிற்பதற்கு எனக்கு ஒரு கடல் இல்லை.

அந்த ஹெட்போனை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கேம் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று.

எவ்வளவு நேரம் கத்தினாள் என்று தெரியாது. முடிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் பண்ணல கண்ணு" என்றேன்.  சரசக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பாதி குடித்துவிட்டு மீதியை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"மொதல்லருந்து ஓட்டோணும்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

இரண்டு பேரும் ஓட்டினோம். சுரங்கத்தைத் தாண்டியதும் அவள் ரோட்டை விட்டு இறங்கி மணலில் நிறுத்தினாள். நானும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். எஞ்சின் சத்தம் அடங்கியதும் நிஜமாகவே அலை கேட்டது. சின்னச் சத்தம்தான், கவனித்தால்தான் கேட்கும். இத்தனை நாளாக நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்ததில்லை.

பன்னிரண்டரைக்கு மேடம் நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அப்படியே இருந்தோம். நான் ஒரு தடவை எழுந்து தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். அவளுடைய இரண்டு கையும் கன்ட்ரோலரிலேயே இருந்தன.

கிளம்பும்போது, பெட்டியை அவள் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று மேடத்திடம் கேட்டாள், என்னிடம் இல்லை. "சனிக்கிழமை நானே கொண்டாந்துருவேன். என்கிட்டயே இருக்கட்டும்." என்னிடம் இருந்தால் பத்திரமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். வயரைச் சுருட்டி நானே பையில் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கடையில் குப்பைக் கூடையைக் கொட்டித் தேடினேன். அந்தத் தாள் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை குப்பை வண்டி வருகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

அறிக்கை வந்துவிட்டது. தகப்பனின் முன்னால் குழந்தை முதல் தடவையாகத் தன் கோபத்தைக் காட்டியது, தகப்பன் பொறுமையாகக் கேட்டார் என்று மேடம் எழுதியிருக்கிறார். ஆனால் பயம் இன்னும் போகவில்லை, இன்னும் மூன்று மாதம் இந்த அறையிலேயே சந்திக்கட்டும் என்று முடித்திருக்கிறார்.

கோபம் வந்தது, எழுதிவிடுகிறேன். மேடத்தின் மேல் வந்தது, ரேணுகா மேல் வந்தது, பவானிக்குப் போன சனிக்கிழமை மேல்கூட வந்தது.

வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். சுப்புராஜ் ஆட்சேபம் தயாராக வைத்திருந்தார். "அறிக்கைய ஒடச்சரலாங்ண்ணா. பெட்டி கை தவறி விழுந்துச்சு, கொழந்த ஓடி வந்து அதுமேல இடிச்சுக்குச்சு. இத நீங்க பிரமாணப் பத்திரத்துல இன்னொருக்கா உறுதியாச் சொல்லிட்டீங்கன்னா, பயத்துக்குக் காரணமே இல்லைன்னு வாதாடலாம். கையெழுத்து மட்டும் போடுங்க, தீபாவளிக்குள்ள ஞாயித்துக்கெழம உங்க கையில."

படித்துப் பார்த்தேன். இந்தத் தடவை வரிவரியாகப் படித்தேன். மேலே என் பெயர், தகப்பன் பெயர், விலாசம், எல்லாம் சரியாக இருந்தது. "கை தவறி" என்ற இடத்துக்கு வந்ததும் அவருடைய மேஜையிலிருந்த பேனாவை எடுத்துக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

தருணிகாவின் மடியிலிருந்த பெட்டியை நான் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். மூடி உடைந்து தெறித்து அவள் புருவத்தில் பட்டது. அவள் ஒன்றும் செய்யவில்லை.

எதற்காக அன்று சண்டை என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன், நினைவுக்கு வரவில்லை.

சுப்புராஜ் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதக் குடுத்தா ஒரு வருஷத்துக்கு அந்த ரூமுதாங்ண்ணா. மனுவே நிக்காது."

"தெரியுங்க. இப்படியே டைப் பண்ணுங்க, கையெழுத்துப் போடறேன்."

போட்டுவிட்டு வந்தேன். கோபம் போகவில்லை. யார் மேல் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை பத்தரைக்குப் போக வேண்டும். பெட்டியை அவள் கொண்டுவருவாள். இரண்டாவது கன்ட்ரோலர் என்னிடம்தான் இருக்கிறது, பிரேக் பட்டன் ஒட்டிக்கொள்கிறது, அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.